சூடு காட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள்: பழைய டைட்டானியம் சைக்கிளை (ரோட் பைக்) மீட்பது எப்படி?

கேள்வி: 2008 வாக்கில் செய்த டைட்டானியம் ரோட் பைக் ஒன்றைப் பெங்களூரில் பழையதாக வாங்கி வந்திருக்கிறேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் துளிகூட அசையவில்லை. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலே, வெல்டிங் ஓரமாக மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. பக்கத்து லேத் பட்டறையில், சூடு காட்டிப் போஸ்ட்டை உருவிவிடலாம், கோட்டின் மேல் ஒரு வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க்கும், பின்னால் 10 பல்சக்கரம் உள்ள 10 ஸ்பீட் கியர் சாமான்களும் பழையவை. எங்கே தொடங்குவது? (வாசகர், திசையன்விளை)

பதில்: பட்டறையில் சொன்ன இரண்டுமே வேண்டாம். புதுச் சாமான் எதையும் இப்போதைக்கு வாங்கவும் வேண்டாம். அந்தக் கோடு மேலோட்டமான கீறலா, விரிசலா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். விரிசல் என்றால் மற்றச் செலவெல்லாம் வீண்.

அந்த இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, 10 மடங்கு லென்ஸ் வழியாகப் பாருங்கள். கீறலுக்கு அடி தெரியும், இரு ஓரமும் மழுங்கியிருக்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் விளிம்பை ஒட்டியே ஓடும், அடி தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் வெல்டிங் சோதனைக்கு விற்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயை வாங்கி அடித்து, 10 நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு ஊறி வரும். டவுன் டியூப் (கீழ்ச் சாய்வுக் குழாய்) ஹெட் டியூபோடு (ஹேண்டிலுக்குக் கீழுள்ள முன் குழாய்) சேரும் அடிப்பக்கம், பின் சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட், பாட்டில் போல்ட் துளைகள் ஆகியவற்றையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

விரிசல்தான் என்று தெரிந்தால் உள்ளூர் வெல்டிங் ஏன் கூடாது? டைட்டானியம் 400 டிகிரிக்கு மேல் போனதும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால் டிக் (TIG) வெல்டிங்கில் வெளியே மட்டுமல்ல, குழாயின் உள்ளேயும் காற்றை விலக்கும் ஆர்கான் வாயுவை நிரப்பியாக வேண்டும். வெல்டிங் வெள்ளி நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ இருந்தால் நல்லது. நீலம், சாம்பல், வெள்ளைப் பொடி என்றால் கெட்டுப்போனது. இந்த வசதியோடு டைட்டானியம் செய்து பழகியவர்களிடம் மட்டும் கொடுங்கள். கம்பெனியின் ஆயுள் உத்தரவாதத்தை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே.

கோடு வெறும் கீறல்தான் என்றால் போஸ்ட்டுக்கு வருவோம். உவரிப் பக்கம் கடற்கரையில் கறுப்பாகத் தெரிகிறதே இல்மனைட் மணல், அதுதான் டைட்டானியத்தின் தாது. உங்கள் உப்புக் காற்று டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. அதோடு ஒட்டி நிற்கும் அலுமினியப் போஸ்ட்டைத்தான் தின்னும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் சிறு பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் கரைகிறது. அதிலிருந்து வரும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் அடைப்பதால் போஸ்ட் இறுகிப்போகிறது.

இங்கே சூடு காட்டினால் எதிர்விளைவுதான். சூட்டில் அலுமினியம் டைட்டானியத்தைப் போல இரண்டரை மடங்கு விரிவதால் போஸ்ட் இன்னும் இறுகும். குளிர்ச்சிதான் உதவும். சீட் கிளாம்பைக் கழற்றிவிட்டு, கிராங்க் (பெடல் கை), பாட்டம் பிராக்கெட், ஃபோர்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை, போஸ்ட் நுழைந்திருக்கும் சீட் டியூபுக்குள் விடுங்கள். தினமும் கொஞ்சம் விட்டு நாலைந்து நாள் ஊறட்டும். பிறகு போஸ்ட் குழாய்க்குள் உடைத்த ஐஸைத் திணித்துக் கால் மணி நேரம் கழித்து, போஸ்ட்டின் தலையைப் பெஞ்ச் வைஸில் இறுக்கி, பிரேமை இரு கையாலும் சீராகத் திருப்புங்கள். வெட்டி இழுப்பதோ சுத்தியலால் அடிப்பதோ கூடாது. அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும்.

கடைசி வழி காஸ்டிக் சோடா. குளிர்ந்த கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும், டைட்டானியத்தைத் தொடாது. போஸ்ட் வெளியே 3 செ.மீ. நீட்டியிருக்கும்படி அறுத்து, அதன் வாயை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். பாட்டில் துளைகளை டெஃப்லான் டேப் சுற்றிய இரும்பு போல்ட்டால் மூடுங்கள். அலுமினிய போல்ட் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சோடா. எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகு, தலைகீழாக நிற்கும் பிரேமின் சீட் டியூபில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கீழே இன்னொரு பிளாஸ்டிக் வாளி இருக்கட்டும். நுரைத்துச் சூடாகும், ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே வெட்டவெளியில், நெருப்போ பீடியோ பக்கத்தில் இல்லாமல், கண்ணாடியும் நீள ரப்பர் கையுறையும் போட்டுச் செய்ய வேண்டும். குமிழி அடங்கினால் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றலாம். ஓரிரு நாளில் போஸ்ட் கறுப்புச் சேறாகிவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழிவை வினிகர் ஊற்றி முறித்த பிறகே கொட்டவும். வாய்க்கால் பக்கம் வேண்டவே வேண்டாம். போஸ்ட் போனதும் சீட் டியூபின் மேல் வெட்டுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இறுகிய போஸ்ட்டுக்கு அடுத்துக் கெடும் இடம் அதுதான்.

பிரேமின் பளபளப்பு எளிய வேலை. பிரஷ் செய்த பரப்பு என்றால் அடுப்படிப் பச்சை ஸ்கிரப்பரே போதும், ஏற்கெனவே உள்ள கோடுகளின் போக்கில் தேய்க்க வேண்டும். மணல் ஊதிய மங்கல் பரப்பில் இதைத் தொடாதீர்கள், திட்டுத் திட்டாகிவிடும். இரும்பு நார் எதிலும் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் காற்றில் துருப் புள்ளியாகத் தெரியும்.

சாமான்களில் ஃபோர்க்கைக் கட்டாயம் மாற்றுங்கள். வரலாறு தெரியாத பழைய கார்பன் ஸ்டியரரை (ஃபோர்க்கின் மேல்குழாய்) நம்பி வேகமாக இறங்கக் கூடாது. ஹெட் டியூப் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் நேரான 1 1/8 அங்குல ஸ்டியரர்தான் பொருந்தும்; இப்போது பரவலாக வரும் அடி பருத்த ஃபோர்க் நுழையாது. பின் சக்கர இடைவெளி 130 மி.மீ. இருக்கும். ஷிமானோ 105 கியர் செட்டில் ரிம் பிரேக் 11 ஸ்பீட் தாராளமாகப் போதும், புது 12 ஸ்பீட் 105 டிஸ்க் பிரேக்குக்கு வருவது. பழைய 10 ஸ்பீட் ஹப்பில் (சக்கர மையம்) 11 ஸ்பீட் ரோட் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) உட்காராது, ஆகவே சக்கரமும் மாற்ற வேண்டிவரும். தேரிக்காட்டுச் சமதளத்துக்கு பல் எண்ணிக்கையில் முன்னால் 50/34, பின்னால் 11-28 போதும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறுவதாக இருந்தால் 11-32, அதற்கு மீடியம் கேஜ் டிரெய்லியர் (நடுத்தர நீளக் கை உள்ள, பின் கியர் மாற்றும் சாதனம்). ஆனி, ஆடிக் காற்றை நினைத்து ரிம் ஆழம் 30 மி.மீ. தாண்ட வேண்டாம். உடைமுள் ஊர் என்பதால் பஞ்சர் தடுப்பு அடுக்கு உள்ள டயராக எடுங்கள். இரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி மிஞ்சினால்தான் 28 மி.மீ. அகல டயர், இல்லாவிட்டால் 25.

பூட்டும்போது பாட்டம் பிராக்கெட் மரை, ஹேண்டில் திரும்பும் ஹெட்செட் கப், பாட்டில் போல்ட், சீட் போஸ்ட் என டைட்டானியத்தோடு உரசும் ஒவ்வோர் உலோகத்துக்கும் இறுகிப்போகாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவ வேண்டும். சாதா கிரீஸ் சீக்கிரம் கழுவிப் போய்விடும். கார்பன் போஸ்ட் என்றால் மட்டும் கார்பன் பேஸ்ட். டைட்டானிய மரை காய்ந்த நிலையில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், பிறகு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ. ஆங்கில மரை என்றால் செயின் பக்கக் கப் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும்). அதைக் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர் தொட வேண்டும். கப்புக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர், கேசட் லாக்ரிங்குக்கு 40, ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுக்குச் சுமார் 5. உலோகப் போஸ்ட் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்து, பேஸ்ட் தடவித் திரும்பப் போடுங்கள்.