முனிச்சில் வரி எண் கடிதம் வரவில்லையா? மன்னார்குடித் தம்பிக்கு

தம்பி, ஜெர்மனியில் முனிச்சுக்குப் போய் ஒரு மாதமாகியும் வரி எண் கடிதம் வரவில்லை, சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடிப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கீழே போய் தபால் பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? நம் பக்கம் தபால்காரரிடம் தாத்தா பெயரைச் சொன்னாலே கடிதம் வீடு வந்துவிடும். ஜெர்மனியில் கதவு எண் சரியாக இருந்தாலும், பெட்டியில் பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். உள்வாடகை என்றால் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் ஒட்டுங்கள். கும்பகோணத்திலிருந்து போன என் மகளுக்கும் இதே கதைதான்.

பெயர் இருக்கிறது என்றால், குடிபுகுந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டிய முகவரிப் பதிவை (அன்மெல்டுங்) முடித்துவிட்டீர்களா? அதற்குப் பிறகுதான் வரி எண்ணே உருவாகும். அந்தப் பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் அங்கே குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவமும் வேண்டும். அதைத் தரத் தயங்குகிற வீட்டில் இருக்கவே வேண்டாம் என்பேன்.

கூடுதலாகப் பிடித்தாலும் பயப்படாதீர்கள், வருடாந்திர வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அரிசி, பாலெல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.