27 வயதில் விமானிப் பயிற்சி: பிந்திவிட்டதா?

தம்பி, உயர்தரம் முடித்து வேலை வேலையாக மாறி அலைந்து, 27 வயதில் விமானி ஆசை வந்திருக்கிறது, பிந்திவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை விடுங்கள், வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது, அவ்வளவுதான்.

ஆனால் காசு கட்டுவதற்கு முன்னமே வணிக விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை, நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்க, நிறப்புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையில்தான் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அது சரி என்றால் கொழும்புக்கு அருகே ரத்மலானை விமான நிலையத்திலுள்ள பயிற்சிப் பள்ளி ஒன்றில் அறிமுகப் பறப்பு கேளுங்கள். வெயிலேறிய நேரத்தில் சின்ன செஸ்னா விமானம் குலுங்கும்போது வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிடித்தால் 40 மணிநேரம் பறந்து எடுக்கும் தனியார் விமானி உரிமத்தோடு, அதாவது சம்பளமில்லாமல் பறப்பதற்கான உரிமத்தோடு, தொடங்குங்கள். வணிக உரிமத்துக்குப் பொதுவாக 200 மணிநேரப் பறப்பு வேண்டும், அதற்காக வீட்டை ஈடுவைக்காதீர்கள், முடித்தவுடன் வேலை என்று சொல்பவரையும் நம்பாதீர்கள்.