மைக்ரோநீட்லிங், பீல் செய்வதற்கு முன் கொலாஜன் பவுடர் அவசியமா? சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?

கேட்டவர் தந்த விவரம்: பெண், வயது 27, எடை 55 கிலோ. பருத் தழும்புக்கு இன்னும் இரண்டு மாதத்தில் மைக்ரோநீட்லிங்கும் கெமிக்கல் பீலும் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) செய்யப் போகிறார். கிளினிக்கில் கொலாஜன் பவுடர், குளுட்டாதயோன் (நிறத்துக்காக விற்கும் மாத்திரை), பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) மூன்றையும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றும் கட்டாயமில்லை. ஆனால் சாப்பாட்டிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. பள்ளம் விழுந்த தழும்பை எந்தக் கீரையும் நிரப்பாது. மைக்ரோநீட்லிங்கில் தோலில் நுண்ணிய துளைகள் போடுகிறார்கள். அந்தக் காயத்தை ஆற்றும்போது தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை உடம்பு புதிதாக நெய்கிறது. ஊசியை டாக்டர் பார்த்துக்கொள்வார், நெசவுக்கான நூல் உங்கள் தட்டிலிருந்துதான் போக வேண்டும். மேல்தோல் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் இரண்டு மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று. இன்றே தொடங்குங்கள்.

முதல் கணக்கு புரதம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 பரிந்துரைப்படி தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 46 கிராம். காயம் ஆறும் நாட்களில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை போகலாம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்). சரி, வழக்கமான ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி 8 கிராம். மதியம் சாதம், சாம்பார், பொரியல் சேர்த்து 12, ஒரு கிண்ணம் தயிர் 3. இரவு மூன்று தோசை 8, இரண்டு காபியின் பாலில் 3. மொத்தம் 34. வயிறு நிறைந்துவிட்டது, புரதம் நிறையவில்லை. இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னும் 9 அல்லது 10. அவ்வளவுதான், 55, 56 வந்துவிட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் பனீர், சோயா, கூடுதலாக ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு என்று ஈடுகட்டலாம். பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பவுடர் மட்டும் வேண்டாம், சிலருக்கு அதனாலேயே பரு கிளம்பும். பரு அடங்காமல் தழும்பு சிகிச்சைக்குப் போவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது.

அந்தச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். கொலாஜன் இழைகள் முறுக்கேறி நிற்க சி வேண்டும். கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அதுதான் உதவும். பெண்களுக்கு வைட்டமின் சி தினமும் 65 மில்லிகிராம் போதும், அரைக் கொய்யாவிலேயே அது கிடைத்துவிடும். ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

பவுடருக்குச் செலவழிக்கும் காசில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது எவ்வளவோ மேல். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, டிஎஸ்எச் (தைராய்டு), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை). ஹீமோகுளோபின் 12 இருந்தால் ரத்தசோகை இல்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின், அது முன்னாலேயே தரைதட்டியிருக்கலாம். விரல் முட்டிகளின் மேல்பக்கம் மட்டும் கருத்திருந்தால், முக்கியமாகச் சைவ உணவுக்காரர்கள், பி12 அளவைப் பார்க்காமல் கிரீம் வாங்கக் கூடாது. குறைவு இருந்தால் டாக்டர் ஊசியோ மாத்திரையோ தருவார். குறைவே இல்லாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று போட்டுக்கொண்டால் சிலருக்குப் பரு வெடிக்கும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போல் தடித்துக் கருத்திருந்தால் அது அழுக்கு இல்லை. பீர்க்கன் நாரால் தேய்த்தால் இன்னும்தான் கருக்கும். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. அதன்மேல் பீல் போட்டால் சில வாரம் வெளுக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். சர்க்கரை, மைதா, வெள்ளைச் சாதத்தின் அளவைக் குறைத்து எடையை இறக்கினால்தான் நிற்கும். அந்தச் சாப்பாட்டு மாற்றம் பருவுக்கும் நல்லது. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய மாதம் பட்டினி டயட் வேண்டாம். காயம் ஆறுவது தாமதமாகும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடியும் கொட்டும்.

இனி அந்த மூன்று பொருள்கள். கொலாஜன் பவுடர் குடலில் சிறு துண்டுகளாக உடைந்துதான் ரத்தத்தில் சேர்கிறது, நேராக முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. தினம் 2.5 முதல் 10 கிராம் வரை இரண்டு மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கொஞ்சம் கூடியதாக ஆய்வுகள் உண்டு, அவற்றில் பல விற்கும் கம்பெனிகளின் செலவில் நடந்தவை. டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லாததால் அது முழுமையான புரதமும் இல்லை. சைவர்கள் கவனிக்க: அது மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. குளுட்டாதயோன் மாத்திரைக்குத் தழும்போடு சம்பந்தமே கிடையாது. நிறத்துக்காக அதை நரம்பில் ஏற்றுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்தது. பயோட்டின் நமக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், கடையில் விற்பதோ 5, 10 மில்லிகிராம். அந்த அளவில் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டக்கூடும். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று பரிசோதனைக் கூடத்திலோ டாக்டரிடமோ கேளுங்கள்.

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் கன்றிப்போகாமல் இருக்க ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் ஓடுகிறதென்றால் அதையும் சொல்லியாக வேண்டும். அதோடு வைட்டமின் ஏ மாத்திரை சேரவே கூடாது. சிகிச்சை நாளன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெயிலில் அலையாதீர்கள், டாக்டர் சொன்ன நாளிலிருந்து சன்ஸ்கிரீன் போடுங்கள். நம் நிறத் தோலில் இதைத் தவறவிட்டால் தழும்பு குறைந்து கரும்புள்ளி மிஞ்சும். வீட்டில் யாராவது "எலுமிச்சைச் சாறு தடவு, பளிச்சென்று ஆகும்" என்பார்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருத்துவிடும். எலுமிச்சை சுண்டலுக்கு மட்டும்.