மாரியில் மலக்குழி நிரம்பினால் பைப்பைத் தோண்ட முன் இரவில் ஒருதடவை அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணம் கந்தர்மடத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வீடு கனடாவில் இருக்கிற தம்பியுடையது, பார்த்துக்கொள்வது இவர். கார்த்திகை மழை தொடங்கினால் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காமல் மேலே வருகிறது, பவுசர் வந்து இழுத்துக்கொண்டு போய் நாலாம் நாள் மறுபடியும் அதே நிலைமை. ஒருவர் கமரா கொண்டுவந்து குழிக்குப் போகிற பைப்புக்குள் விட்டு, உள்ளே வெடிப்பு இருக்கிறது, அறுபது அடி பைப்பையும் தோண்டி மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் நேரே தம்பிக்கு அனுப்பி, முற்பணமும் கேட்டுவிட்டாராம். தம்பி அனுப்பத் தயார். காசு அனுப்பச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

இப்போது வேண்டாம் அக்கா. நீங்கள் எழுதியதிலேயே பதில் பாதி இருக்கிறது. பைப்தான் பிழை என்றால் சித்திரை வெயிலிலும் அடைத்திருக்கும். மாரியில் மட்டும், அதுவும் பவுசர் எடுத்த நாலு நாளில் நிரம்புகிறது என்றால், அநேகமாக நிலத்தடி நீர் உயர்ந்து குழிக்குள் வருகிறது. அடிப்பக்கம் சீமெந்து பூசாத பழைய குழி என்றால் கிணற்றில் தண்ணீர் ஏறுவதுபோலவே அதிலும் ஏறும். அப்படியானால் அறுபது அடி புதுப் பைப் போட்டாலும் அடுத்த கார்த்திகையில் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பவுசர் வந்துபோன அன்று இரவு பத்து மணிக்கு, குழி மூடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஒரு நீளத் தடியால் அளந்து, தடியில் அடையாளம் போட்டு, போனில் ஒரு படம் எடுங்கள். சிஸ்டனுக்கு வரும் தண்ணீரைப் பூட்டிவிடுங்கள், விடியும்வரை ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாது. காலை ஐந்து மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் அது நிலத்துத் தண்ணீர். பெரிய நகரங்களில் வீதிக் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே உள்ள மூடிபோட்ட ஆள்துளைக்குள் மட்டம் பார்க்கும் கருவி பொருத்தி, ஊர் உறங்குகிற நடுச்சாமத்திலும் குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே கணினி செய்வதை இங்கே ஒரு தடி செய்யும். மூடியைத் திறக்கும்போது குனிந்து முகத்தை உள்ளே கொண்டுபோக வேண்டாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். யார் என்ன காசு கேட்டாலும் ஒரு மனிதனையும் குழிக்குள் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும், தூக்கப் போனவரும் சேர்ந்து போவார். கமரா என்ற சாமானையே நான் மதிப்பது, அது போகிற இடத்துக்கு ஒரு மனிதன் போகத் தேவையில்லை என்பதால்தான்.

சரி, அந்த வீடியோ. கொழும்பில் நூறு வருடம் தாண்டிய கழிவுநீர்க் குழாய்களில் எடுத்த கமராப் படங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன், அதனால் சொல்கிறேன்: எந்த வளவு, எந்த மூடி, எத்தனையாவது மீற்றர் என்று காட்டாத வீடியோ ஒன்றுக்கும் உதவாது. கமரா மூடியைத் தாண்டி உள்ளே இறங்குவது அறுபடாமல் தெரிய வேண்டும், திரையில் மீற்றர் கணக்கு ஓட வேண்டும், திகதி இருக்க வேண்டும். முதலில் பைப்பைக் கழுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் அழுக்கே வெடிப்புப்போலத் தெரியும். தண்ணீர் நிறைந்து நிற்கிற பைப்பில் கமராவுக்கு ஒன்றும் தெரியாது. இதில் ஒன்றும் இல்லாத இருபது விநாடித் துண்டு வீடியோவை ஒரே ஆள் பத்து வீட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு வந்து பார்க்க வழியில்லை, ஊரில் இருப்பவருக்குப் பைப்பின் உள்பக்கம் தெரியாது, இந்த இடைவெளியில்தான் இப்படியானவர்கள் பிழைக்கிறார்கள். பார்க்கிறவரே தோண்டுகிறவராகவும் இருந்தால் அவருடைய கமராவில் எல்லாப் பைப்பும் உடைந்துதான் தெரியும். பார்க்க ஒருவர், தோண்ட இன்னொருவர் என்று பிடியுங்கள், முழு வீடியோவையும் பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெடிப்பு என்றவுடன் பயப்படக்கூடாது. கழிவுநீர்க் குழாயின் பழுதைத் தரம்பிரிக்கப் பிரித்தானியாவில் 1980 அளவில் வகுத்த முறையில் மயிரிழைக் கீறல் வேறு, வாய் பிளந்த வெடிப்பு வேறு, துண்டு இடம்பெயர்ந்த உடைவு வேறு. ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடுவார்கள், ஐந்துதான் இடிந்த, அல்லது இடியப்போகிற நிலை. உண்மையிலேயே ஓரிடத்தில் உடைவு என்றால் கமராத் தலையில் உள்ள சிறு ஒலிபரப்பியை நிலத்துக்கு மேலே ஒரு கருவியால் பிடித்து, இந்த இடம்தான் என்று சுண்ணாம்பால் குறிக்கலாம். அங்கே மூன்று அடி தோண்டினால் போதும். அறுபது அடியும் என்பவரிடம் அந்தக் கருவி இல்லை, அல்லது அதை எடுக்க மனமில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும், சிறு கசிவு என்றாலும் விடக்கூடாது: பைப் கிணற்றுப் பக்கமாகப் போனால். எங்கள் நிலம் சுண்ணக்கல். கிணற்றிலிருந்து குழி இத்தனை அடி தள்ளியிருந்தால் போதும் என்ற கணக்கு, தண்ணீரை மெல்ல வடிகட்டும் மணலுக்குச் சரி. கல்லில் உள்ள பொந்துகளும் வெடிப்புகளும் வடிகட்டாது, அப்படியே கொண்டுபோய் விடும். நிலத்துக்குள் போன மழைத்தண்ணீர் கீரிமலையில் கடற்கரையோரம் ஊற்றாக வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மலசலகூடத்தில் சாயம் ஊற்றிப் பார்க்கலாம், கிணற்றில் நிறம் வந்தால் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வரவில்லை என்பதற்காக நிம்மதி அடையக்கூடாது, கல்லுக்குள் அது எந்த வழியால் எத்தனை நாளில் வரும் என்று சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீரை மலக்கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதிக்க வேண்டும், உங்கள் பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழி சொல்வார். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் மா கரைக்கவே வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும்.

இவ்வளவையும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கிடந்து பார்க்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புதல் கொடுத்த யாழ்ப்பாணம் கிளிநொச்சித் திட்டத்தின் பெயரிலேயே நீர்வழங்கலோடு சுகாதாரமும், அதாவது கழிவகற்றலும், இருந்தது. தாளையடியில் 2024 இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் திறந்தாயிற்று. குடிக்கத் தண்ணீர் தர பைப் வருகிறது, அழுக்கை எடுத்துப்போக உங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும் வரவில்லை. குழிகளையும் கிணறுகளையும் ஒரே வரைபடத்தில் குறிக்க ஒரு சாதாரண போன் போதும், அதற்கும் ஆளில்லை.

உங்கள் வளவுக்கு நீங்களே குறியுங்கள். போன் காட்டும் இடம் சில மீற்றர் பிசகும், மாமரத்தடியில் இன்னும் பிசகும். அதனால் வீட்டின் இரண்டு மூலையிலிருந்தும் நாடா பிடித்து, குழி மூடிக்கும் கிணற்றுக்கும் பைப் திரும்புகிற இடத்துக்கும் எத்தனை அடி என்று எழுதி, படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரவில் அளந்தபோது மட்டம் ஏறியிருந்தால், அந்தக் காசைப் பைப்புக்கு விடாமல், அடியும் பக்கமும் பூசிய தொட்டிக்கும், தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணில் ஊறவிட, மாரி நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டும் படுக்கைக்கும் வையுங்கள். வேலை ஆவணியில் நடக்கட்டும். பிளாஸ்ரிக் தொட்டி மலிவு என்று யாராவது கொண்டுவந்தால், மாரியில் பவுசர் முழுவதையும் உறிஞ்சிய அன்றே அது மிதந்து பைப்பைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடும், கொங்கிறீற்றில் கட்டி இறுக்குவாரா என்று முதலில் கேளுங்கள்.