வீட்டில் கறுவாப் பணிஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் என் வீட்டுக் குசினியில் மூன்று வருடமாகச் சுருள் பணிஸ் சுட்டுப் பழகுகிறேன். பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் கை பிடிபட்டது. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாங்குளம் தங்கச்சி: செய்முறையில் சொன்னபடி மாவை ஒரு மணித்தியாலம் பொங்க விட்டேன் அக்கா. புளித்த மணம் அடித்தது. சுட்டதும் நடுவில் அமுங்கிவிட்டது. ஏன்?

பிழை உங்களுடையது இல்லை, அந்த ஒரு மணித்தியாலம் குளிர் ஊர்க் கணக்கு. நம் குசினியில் சித்திரை வெயிலுக்கு 32, 33 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரமாக வேலை செய்யும், 35, 40 நிமிடத்திலேயே மா இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருக்கிற காற்றைத் தாங்க மாவுக்குப் பலம் இருக்காது. மார்கழி மழைக்கு அதே மா ஒன்றரை மணித்தியாலமும் எடுக்கும். அதனால் மணிக்கூட்டை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். சுருட்டி வெட்டித் தட்டில் அடுக்கிய பிறகு, ஒரு துண்டின் ஓரத்தில் மா தொட்ட விரலால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல மெல்லப் பாதி மட்டும் நிமிர்ந்தால் அதுதான் பதம், உடனே ஓவனுக்குள் வையுங்கள். நிமிரவே இல்லையென்றால் கடந்துவிட்டது. வெயில் காலத்தில் நான் மண்பானைத் தண்ணீரில் பால்மா கரைத்துத்தான் குழைக்கிறேன். அப்போது மா கொஞ்சம் நிதானமாகப் பொங்கும், ருசியும் கூடும்.

வவுனியாவில் இருந்து ஒரு அண்ணா: எனக்கு மா பொங்கவே இல்லை.

பாலைக் காய்ச்சிய சூட்டோடு ஊற்றினீர்களா? நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். 60 பாகைச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். விரல் வைத்தால் இளஞ்சூடு என்று தெரிந்தால் போதும். உடைத்த பக்கற்றைக் குசினித் தட்டிலேயே வைத்திருந்தாலும் அதன் பலம் போய்விடும், மூடின போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். சந்தேகமென்றால் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியோடு ஈஸ்டைப் போட்டுப் பாருங்கள். 10 நிமிடத்தில் நுரை வர வேண்டும்.

அளவு என்ன அக்கா?

கோதுமை மா 500 கிராம், ஈஸ்ட் 7, சீனி 60, உப்பு 8, பட்டர் 60 கிராம், முட்டை ஒன்று, பால் 240 மில்லிலீற்றர். பாலில் கொஞ்சத்தை மிச்சம் வைத்து, மாவைப் பார்த்துச் சேருங்கள். சுண்டால் அளக்காதீர்கள், அமுக்கி அள்ளினால் ஒரு அளவு, தளர அள்ளினால் இன்னொரு அளவு. சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கறுவாத் தூளை மாவோடு சேர்த்துக் குழைக்கலாமா? சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி?

கறுவா ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும், உள்ளே தூவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பனங்கட்டி எனக்கு மிகவும் பிடிக்கும், அந்த மணம் சீனியில் வராது. ஆனால் உருகி வழிந்து தட்டில் கருகும். துருவிய பனங்கட்டியோடு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா கலந்து தூவினால் அடங்கி நிற்கும். சுருளைக் கத்தியால் வெட்டினால் நசுங்கும். தையல் நூலை அடியால் விட்டு, இரண்டு நுனியையும் மேலே குறுக்காக இழுங்கள், வட்டம் குலையாமல் வரும்.

புதுக்குடியிருப்பு அம்மா ஒருவர்: ஓவன் இல்லை பிள்ளை, சட்டியில் முடியுமா?

முடியும் அம்மா. அடி தடித்த சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, மூடி, 15 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு வளையம் ஒன்று வைத்து அதன் மேல் தட்டை வையுங்கள். மூடியின் மேலே சிரட்டைத் தணல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மேற்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். 25 நிமிடத்தில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள், மா ஒட்டக்கூடாது.

அடுத்த நாள் கல்லுப்போல ஆகிறதே?

குறைந்த சூட்டில் நெடுநேரம் சுட்டிருப்பீர்கள். ஓவன் என்றால் 180 பாகை, 20 நிமிடம் போதும். வெளியே எடுத்ததும் பால் பூசித் துணியால் மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், அங்கேதான் சீக்கிரம் இறுகும்.