இலவச மருத்துவம் இருந்தும் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் மக்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள்?

முதலில், எல்லாருக்கும் இலவசம் இல்லை. 2010 ஏப்ரல் 27-இல் தொடங்கிய திட்டம் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கானது. மற்றவர்களில் பெரும்பாலோர் கைக்காசுதான் போட வேண்டும். இலவசம் உள்ளவர்களுக்கும் மருந்து தீர்ந்துவிட்டால் வெளியே வாங்கிவரச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

அப்புறம் வழிச்செலவு. அங்கே 'ஒகாடா' என்கிற வாடகை பைக்தான் பல ஊர்களுக்கு ஆம்புலன்ஸ். மழைக்காலத்தில் செம்மண் பாதை சேறாகிவிடும். பிரசவ வலியோடு ஒரு பெண் அந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட ஆழமான காயம் 2014-இல் வந்த எபோலா என்கிற கொடிய தொற்றுநோய். ஆரம்பத்தில் அதற்கும் மலேரியா மாதிரியே காய்ச்சல், உடம்பு வலி. மலேரியாவுக்கு மாத்திரை வாங்கப் போனால்கூட எபோலா தொற்றிவிடுமோ, தனிமை வார்டில் அடைத்துவிடுவார்களோ என்று மக்கள் பயந்தார்கள். கெனிமா அரசு மருத்துவமனையில் எலிகளால் பரவும் லாசா காய்ச்சலுக்குச் சிகிச்சை தந்துவந்த டாக்டர் ஷேக் உமர் கான்கூட அந்த ஜூலையில் எபோலாவுக்குப் பலியானார். செவிலியர்களும் இறந்தார்கள். வைத்தியம் பார்த்தவர்களே சாவதைக் கண்ட மக்களின் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பயத்தில்தான் பல பெண்கள் வீட்டிலேயே பிரசவித்தார்கள்.