மங்கல், இருள், இரட்டைப் பார்வை: நரம்பியல் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. நான்கு நாட்களாக வலக் கண் மங்கலாக இருக்கிறது, அசைத்தால் வலிக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமா?

பதில்: கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிவப்புப் பொருளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். வலக் கண்ணுக்கு அது வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பில் அழற்சி இருக்கக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் பலரிடம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது. வெந்நீரில் குளித்தாலோ ஓடினாலோ மங்கல் கூடுகிறதா? ஊத்தாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890-லேயே பதிவு செய்த அறிகுறி அது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை தேறிவிடும். தேறிவிட்டதே என்று எம்.ஆர்.ஐ. எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. நேற்று ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் இருண்டு, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

பதில்: இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கழுத்துத் தமனியிலிருந்து பெயர்ந்த சிறு இரத்த உறைகட்டி விழித்திரைக்குப் போயிருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றாரானால் அதையும் சொல்லுங்கள். தலைத் தமனிகளின் அழற்சியாக இருந்தால், சிகிச்சை தாமதமானால் மற்றக் கண்ணும் பறிபோகக்கூடும்.

கேள்வி: நெளிநெளியாக மின்னும் கோடுகள் இருபது நிமிடம் பரவுகின்றன, பிறகு தலைவலி.

பதில்: பெரும்பாலும் மைக்ரேன். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தால் பரிசோதனை தேவை.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் படிக்கும்போது வரி தவறுகிறது. எதிரே இருக்கும் குவளையைத் தேடுகிறார். கண்ணில் குறையில்லை என்கிறார்கள். நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது.

பதில்: குறை கண்ணில் இல்லாமல், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளையின் பின்பகுதியில் இருக்கலாம். ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1988-ல் விவரித்த இந்த மூளைப் பின்பகுதிச் சிதைவுக்குப் பெரும்பாலும் அல்சைமர் நோயே காரணம். நினைவு தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கவனமில்லை என்று வீட்டிலேயே திட்டு வாங்குகிறவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. கடிகார முகம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். எண்கள் ஒரே பக்கம் குவிந்தால் அந்தத் தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வாகனம் ஓட்டுவதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது.

பதில்: ஒரு கண்ணை மூடினாலும் இரட்டையாகவே தெரிந்தால் கண் மருத்துவர் போதும். மூடியதும் ஒன்றாகிவிட்டால் நரம்பையோ தசையையோ சோதிக்க வேண்டும். மாலையில் கூடினால், நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலையும் வலித்தால் உடனே அவசரப் பிரிவு: மூளைத் தமனியின் வீக்கம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம்.